தனித் தட்டு

"இன்னா பாய், எங்ககூட ஒரே சஹன்ல குந்தி சாப்பிட உங்க மவனுக்கு கௌரவம் எடம் குடுக்கலியா?"

நூர் முகம்மது இப்படிக் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் பெண்ணின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னேரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். இளைய மகனுக்குப் பெண் பேசி முடிக்க, மனைவி கமர் நிஷாவோடும் உறவுக்காரர்களோடும் குதிரை ஜட்கா பிடித்துப் பழவேற்காட்டுக்கு வந்திருந்தார். நிக்காஹ் தேதிவரை பேசியாகிவிட்டது. சாப்பாடுதான் பாக்கி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் காரியம் முடிந்தது.

நெய்ச்சோறு குவித்த பெரிய தட்டைத்தான் சஹன் என்பார்கள். அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அந்தத் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். சம்பந்தம் பேசும் வீட்டில் ஒருவர் மாட்டேன் என்றால், உங்கள் உறவே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி.

பெண்ணின் அண்ணன் கமாலோ சுவரோரமாகத் தனித் தட்டு வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏழு கழுதை வயசு. வந்தவர்களுக்கு சலாம்கூடச் சொல்லவில்லை. "உங்க குதிரை இன்னா கலரு?" என்று மட்டும் ஒவ்வொருவரையும் கேட்டான். முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை.

கல்யாணத் தரகர் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"பையன் கூச்ச சுபாவம் பாய்! நாலு நாள் பழகினா சரியாப் பூடும்."

அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். பெண்ணின் அப்பா பக்கீர் முகம்மதுவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

"கூச்சம் இல்லீங்க" என்றார். "கூச்சம்னா எம் பொண்ணு மெஹர்னிசா. புது ஆளுங்களைக் கண்டா வாயே தொறக்க மாட்டா. நீங்க அந்தாண்ட போனதும் ஊடு ரெண்டாப் பூடும், அவ்ளோ பேசுவா. பழகினா உங்ககிட்டயும் பேசுவா. இவன் அப்படி இல்ல. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். அடுத்தவங்க கை பட்ட சோறு இவனுக்கு எறங்காது. சத்தம் ஜாஸ்தியானா தாங்க மாட்டான். இதுக்குப் பேரு இன்னான்னு பட்டணத்து டாக்டருக்கே தெரியல."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும். பைத்தியம்!" நூர் முகம்மது எழுந்தேவிட்டார். "இந்த மாதிரி ஆளை நாலு பேர் வர்ற எடத்துல குந்த வெக்கலாமா? உள்ள எங்கனா ஒளிச்சு வெக்கக் கூடாது? மானம் மரியாதை வேணாமா?"

"இது அவன் ஊடு பாய். அவன் எங்க போவான்?"

"கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் வெப்பீங்களா?"

பக்கீர் முகம்மது பெண்கள் பக்கத்துத் திரையைப் பார்த்தார். ஏற்கெனவே வந்த இரண்டு இடமும் கமாலைப் பார்த்த பிறகுதான் தட்டிப்போனது. இதுவும் போனால் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?

"ஆமாங்க" என்றார் கடைசியில். "அவன் தங்கச்சி நிக்காஹ். அவன் இருப்பான். அவனுக்குத் தனித் தட்டும் இருக்கும்."

"அப்ப இந்தச் சம்பந்தமே வேணாம். கமர் நிஷா! கெளம்பு!"

அவர் போட்ட சத்தத்தில் கமால் காதைப் பொத்திக்கொண்டான். பக்கீர் முகம்மது போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை, தேற்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் மெஹர்னிசா அழுவது கேட்டது.

திரையை விலக்கிக்கொண்டு கமர் நிஷா வந்தாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு அவள் இப்படி வந்து உறவுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கமால் எதிரில் நின்றாள்.

"உங்க குதிரை இன்னா கலரு?" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடியே.

"செவலை, கண்ணு" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான் வரல. சின்னவனுக்கு இந்தப் பொண்ணுதான்."

"புத்தி கெட்டுப் போச்சா உனுக்கு? இவனைப் பார்த்துமா?"

"பார்த்ததாலதான். இவனை மாதிரியே பொறந்த நம்ம மூத்த புள்ளைய ரூமுல வெச்சுப் பூட்டிக்கினு வந்தீங்களே, அந்தச் சாவி உங்க இடுப்பு பெல்ட்டுலதானே இருக்குது? அதை எடுத்து இவங்களுக்குக் காட்டிட்டு, அப்பறமா மானம் மரியாதை பேசுங்க."