சண்டிலிப்பாய்ச் சந்தியில் இருபது நிமிடம்

"கனிசியஸ் அண்ணை, உங்கடை லொறிதான் கடைசி. முகத்துக்கு நேரை சொல்லுறன். பின்னாலை போய்க் கதைக்க எனக்குத் தெரியாது."

அருமைநாயகி தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

சாவகச்சேரியில் அந்த மரக்கறிச் சங்கத்துக்கு நான்கு லொறிகள். பொருளாதாரத் தடை வந்து டீசல் நின்ற பிறகு நான்கும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. அடுத்த மாதம் மூன்றுக்குத்தான் எண்ணெய் கிடைக்கும். எந்த லொறியை நிறுத்துவது என்று கணக்குப் பார்க்கும் வேலை, சங்கத்தின் ஒரேயொரு பட்டதாரியான அவள் தலையில் விழுந்திருந்தது. லொறி நின்றால் சாரதிக்கும் வேலை இல்லை. குருநகரில் கனிசியஸுக்கு ஐந்து பிள்ளைகள்.

"எப்பிடிப் பிள்ளை கடைசி? என்ரை லொறியிலை ஒரு தக்காளி நசியிறேல்லையே."

"சேதத்திலை நீங்கள்தான் முதல். ஆனா ஐஞ்சு விசயத்தையும் சேர்த்துத்தான் புள்ளி. எண்ணெய்க்கு முப்பது, நேரத்துக்கு முப்பது, பாரத்துக்கு இருபது. பழுதுக்கும் சேதத்துக்கும் பத்துப் பத்து."

"உந்தப் பங்கை ஆர் பிரிச்சது?"

"நான்தான். கம்பஸிலை சும்மா இருந்து வாங்கு தேய்ச்சனான் எண்டு நினைச்சியளோ?"

கனிசியஸ் சிரித்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும்."

அவர் சண்டை பிடித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். பணிந்து போகிறவர்களைக் கண்டால் ஆத்திரம்தான் வந்தது.

"சிரிக்காதேங்கோ அண்ணை! உங்களைக் கவிழ்த்தது நேரம் ஒண்டுதான். நீங்களே எழுதித் தந்த துண்டு இது. அளவெட்டியிலை மரக்கறி ஏத்திக்கொண்டு வாறியள், சண்டிலிப்பாய்ச் சந்தியிலை இருபது நிமிசம் நிக்கிறியள். அங்கை என்ன, உங்களுக்கு இரண்டாந்தாரம் பாக்கினமோ?"

"எஞ்சின் சூடாகுது பிள்ளை. ஆற விடுறனான்."

"மற்ற மூண்டும் மண்ணெண்ணெயிலைதானே ஓடுது? அதுகளுக்குச் சூடில்லையோ?"

"என்ரை கிழட்டு எஞ்சின்."

"பொய்! நாலாம், ஐஞ்சாம், ஆறாம் திகதியளிலை நீங்கள் சந்தியிலை நிக்கவே இல்லை. மூண்டு நாளும் முதலாவதாய் வந்து சேர்ந்தது உங்கடை லொறி. அண்டைக்கெல்லாம் எஞ்சினுக்கு என்ன, குளிர்காய்ச்சலோ?"

கனிசியஸ் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "கிளறாதை பிள்ளை. என்ரை லொறியையே எழுது. எங்கை கையெழுத்து வைக்கிறது?"

பேனையை நீட்டப் போனவள் நின்றாள். நாலு, ஐந்து, ஆறு. அம்மாவை ஆசுபத்திரியில் வைத்திருந்த நாள்கள். மூன்று நாளும் அவள் வேலைக்கு வரவில்லை.

மற்ற நாள்களிலெல்லாம், பாரிசவாதத்தில் கிடக்கும் அம்மாவுக்குக் காலைச் சாப்பாட்டை வாயில் தீத்திவிட்டு, சண்டிலிப்பாய்ச் சந்திக்கு மூச்சிரைக்க ஓடிவந்து அவள் ஏறுகிற லொறி அதுதான்.

"அண்ணை..." அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் சந்திக்கு எவ்வளவு நேரம் பிந்தி வாறனான்?"

"எஞ்சின் ஆற எடுக்கிற நேரம்தான் பிள்ளை."