கோட்டைக்கு யாரோடு வந்தீர்கள்?

“தலையைக் குனிஞ்சுக்கோ, வாசல் இடிக்கும்” என்றான் கணவன்.

குனிந்து உள்ளே போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கடலோரக் கோட்டைப் பக்கம் வந்ததே இல்லை என்று காலையில்கூடச் சொன்ன மனுஷனுக்கு, இருட்டில் இருக்கிற வாசல் தாழ்வானது என்று எப்படித் தெரியும்?

தான் வேலை பார்க்கும் தையல் கடையில் லீவு கிடைத்ததும் கோட்டையைப் பார்க்கணும் என்று அடம்பிடித்தது அவள்தான். “அங்கே என்ன இருக்கு? வெறும் கல்லு!” என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். கல்யாணமான ஆறு மாதத்தில் அவள் கேட்டு அவன் மறுத்தது இது ஒன்றுதான்.

“அந்தக் கிணத்தடியில வெயில் படாது. வா, உக்காரலாம்.”

திரும்பினால் அங்கே கிணறும் இருந்தது, நிழலும் இருந்தது. அவள் உட்காரவில்லை.

“யாரோட வந்தீங்க?”

“யாரோடயும் வரலை.”

“எனக்குச் சின்ன வயசிலேயே காது குத்தியாச்சு. அழகா இருப்பாளா?”

“யாரு?”

“இதே நிழல்ல உங்க பக்கத்துல உக்காந்தவ!”

அவளோ அதற்குள் அந்தப் பெண்ணை மனசில் முழுசாகவே பார்த்துவிட்டாள். முழங்காலைத் தொடும் கூந்தல், ஒரு பரு இல்லாத முகம். பாவி! அவள் காலடி பட்ட இடத்துக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான்?

“பழைய கதையா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிடுங்க. மறைச்சீங்கன்னா நாளைக்கே அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“சொன்னாலும் போயிடுவே” என்றான் அவன், மெதுவாக.

ஆக, இருக்கிறாள்! அவள் விடுவிடுவென்று படியேறினாள். அவன் பின்னாலேயே வந்தான்.

மேலே மதில். மதிலுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டின வரை கடல். அதைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். கண் கலங்கி, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

“அவளை நினைச்சு என் முன்னாடியே அழறீங்களா? உங்களுக்கு வெக்கமா இல்லை?”

அப்போது சாவிக்கொத்தோடு நரைமீசைக் காவலாளி ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவனை உற்றுப் பார்த்தார்.

“டேய், நாப்பத்தேழு! நீயாடா?”

அவன் சட்டென்று விறைத்து, கைகட்டி நின்றான்.

“பொண்டாட்டியாம்மா? நல்லா இருங்க” என்றார் அவர், அவள் பக்கம் திரும்பி. “இது ஜெயிலா இருந்தப்போ நாலு வருஷம் இவன் என் காவல்லதான் இருந்தான். ‘சத்தம் மட்டும் கேக்குது, ஒரே ஒரு தடவை கடலைக் காட்டுங்க ஐயா’ன்னு தினமும் கெஞ்சுவான்.”

அப்படி ஒருத்தி இருந்திருந்தாலே தேவலையே என்று இருந்தது அவளுக்கு.