பதினேழாம் எண் தேனீ

வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். தேனீக்களைத் தாக்கும் வைரஸைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஓராண்டாக வேலை. ஒரு மாதிரியைக்கூட மாற்றி வைத்ததில்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம்.

திங்களன்று ஒரு தேனீயின் முதுகில் அடையாளத்துக்கு ஒட்டியிருந்த 17 என்ற எண் வில்லையை உரித்து, வழக்கப்படி பதிவேட்டில் ஒட்டினாள். தேனீயைப் பீங்கான் உரலில் அரைத்துச் சோதித்தாள். சிறகைச் சுருக்கும் வைரஸ் இருந்தது.

செவ்வாய் காலை சன்னல் கண்ணாடிக்கு வெளியே, முதுகில் வில்லையோடு 17 உட்கார்ந்திருந்தது. சிறகுகள் சுருங்கியிருந்தன. அப்படிப்பட்ட தேனீயால் பறக்க முடியாது. ஆய்வகமோ நான்காவது மாடி.

தலைமை ஆய்வாளர் சிரித்தார். "வில்லையை மாத்தி ஒட்டியிருப்பேம்மா. தப்புன்னு எழுதி அடிச்சிடு. முதல் தலைமுறைப் படிப்புல இதெல்லாம் சகஜம்."

"எங்க அப்பா படிக்கல சார், சரி. அதுக்காக எனக்குப் பதினேழு தெரியாதா? அடிக்க மாட்டேன்."

"அப்போ அடுத்த வருஷ கான்ட்ராக்ட்டை மறந்துடு."

சன்னலில் இருந்ததை எடுத்துவந்து, அவர் கண்ணெதிரேயே வில்லையை உரித்துப் பதிவேட்டில் ஒட்டி, தேனீயை அரைத்தாள். அதே வைரஸ். புதனன்றும் 17 வந்தது. இம்முறை அவரே வில்லையை உரித்து ஒட்டி, அரைத்தார். பிறகு பதிவேட்டிலும் கான்ட்ராக்ட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

வியாழனன்று அவள் சன்னலைத் திறந்தே வைத்தாள்.

"வாடி, நேரத்துக்கு வந்துட்டியே!"

17 மேசைமேல் நிமிர்ந்து நடந்தது. பதிவேட்டில் வரிசையாக ஒட்டியிருந்த மூன்று பதினேழுகளையும் மிதித்துக் கடந்து, தானே உரலுக்குள் இறங்கியது.