கொம்புத்தீவின் கடைசி வழக்கு

கொம்புத்தீவைக் கடல் கொண்டதும் அதன் சனங்கள் ஊர் ஊராகச் சிதறிப் போனார்கள். தீவின் வரலாற்றைச் சேர்த்து வைக்க அவரவர் வீட்டுச் சுவரில் ஒரு பேசும் பெட்டியை மாட்டியிருந்தார்கள்; தெரிந்த கதையை அதனிடம் சொல்ல வேண்டும். பெட்டி உடனே சிதறிக் கிடந்த மற்றவர்களிடம் அவரவர் பெட்டி வழியாகக் கேட்கும். யாரும் மறுக்காவிட்டால் அது வரலாறாகிவிடும்.

காலப்போக்கில் இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். வடகரை அமலோற்பவம் எதைச் சொன்னாலும், எங்கோ தொலைவிலிருந்து தென்கரை சந்தியாகு, "பொய்யி! இவ எங்க பார்த்தா?" என்று பாய்வார். அவர் சொன்னதை இவளும் லேசில் விட்டதில்லை. கடைசித் திருவிழாவின் பாய்மரப் போட்டியில் எந்தக் கரை ஜெயித்தது என்ற வழக்கு மட்டும் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே கிடந்தது.

சந்தியாகுவை அடக்கம் செய்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த மறுநாள், அமலோற்பவம் பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

"போட்டியில வடகரைதான் ஜெயிச்சுது."

"மறுப்பு இல்லை. சேர்த்தாயிற்று."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"தென்கரையில ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது."

"மறுப்பு இல்லை. சேர்த்தாயிற்று."

"சந்தியாகு படகுல ஏறுனாலே வாந்தி எடுப்பாரு!" என்று கத்தினாள்.

"மறுப்பு இல்லை. சேர்த்தாயிற்று."

அவள் பெட்டியில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சந்தியாகு, அன்னிக்கு ஜெயிச்சது உங்க கரைதான். நானுந்தான கரையில நின்னு பார்த்தேன்."

"மறுப்பு இல்லை" என்றது பெட்டி.