மொழி தெரியாதவள்

பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் ஓராண்டு படிக்கப் பின்லாந்து போயிருந்தாள் ஜெசிந்தா. தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரி ஹெல்மி, சாயங்காலம் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடி அவளிடம் தன் பாஷையில் ஓயாமல் பேசுவாள். ஒன்றும் விளங்காமல் ஜெசிந்தா தலையாட்டுவாள். பனி உருகும் பருவத்தில் சொற்கள் மெல்லப் பிடிபட்டன. ஒருநாள் ஹெல்மி சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் புருஷனின் மூத்தாள் பிள்ளை உறைந்த ஏரிமேல் நடந்து போனான். பனி உடையுமென்று எனக்குத் தெரியும். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை." ஆடிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் தலை நின்றுவிட்டது. ஹெல்மி நிமிர்ந்தாள். "உனக்குப் புரிகிறதா, பெண்ணே?"

"இல்லை, ஒன்றுமே புரியவில்லை" என்று பதறினாள் ஜெசிந்தா. அதையும் ஹெல்மியின் பாஷையிலேயே சொல்லியிருந்தாள்.

ஹெல்மி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.