சத்தம் நின்றால்

எல்லாரும் கேசட் பெட்டிக்கு மாறிய பிறகும் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஜெயம்மா வால்வு ரேடியோதான் வைத்திருந்தாள். பாடும்போதே சத்தம் நின்றுவிடும். போன வாரம் அவள் மகள் அதை தெஹியோவிட்ட பஜாரில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள். உள்ளே ஈயம் வைத்த இடம் ஒன்று விட்டிருந்தது. பற்றவைத்துக் கொடுத்தேன்.

இன்று ஜெயம்மாவே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பழையபடி ஆக்கிக் குடுங்கண்ணே."

"நல்லாத்தானே பாடுது?"

"நிக்கவே மாட்டேங்குது. நின்னாத்தானே அவரு தட்டுவாரு."

அவள் புருஷன் இறந்து இரண்டு வருஷமாகிறது. இருந்த காலத்தில், சத்தம் நின்றால் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

எனக்கு எரிச்சல்தான். செய்த வேலையைக் கெடுக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. ஆனாலும் பற்றவைத்த ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டேன். பெட்டியை மூடி, ஸ்க்ரூ டிரைவரை அதன்மேல் வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். வால்வு சூடேறிப் பாட்டு வந்தது. பாதியில் நின்றது. தட்டக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க" என்றாள்.

ஸ்க்ரூ டிரைவர் இரண்டு தரம் துள்ளியது. பாட்டு தொடர்ந்தது.

ஜெயம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"மெதுவாங்க" என்றாள் பெட்டியைப் பார்த்து. "பலகை பழசு."