தீனி கேட்காத பாசி

உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குப் புதிதாக வந்த சிவப்புப் பாசியின் மேல் கோமாளி மீனுக்குச் சந்தேகம்.

"தீனி போடுறப்போ அது வாயே திறக்கிறதில்ல, கவனிச்சியா? ஆனா நாளுக்கு நாள் தழைக்குது" என்றது நண்டிடம்.

"எங்கயோ கைய வைக்குது" என்றது நண்டு.

இரண்டும் போய் நேராகவே கேட்டன.

"நீங்க கழிக்கிறதுதான் என் சாப்பாடு" என்றது பாசி.

"நாங்க அசிங்கம் பண்றோம்னு சொல்றியா?" மீன் கொதித்தது. நண்டு பாசியைப் பாறையோடு ஒட்டக் கத்தரித்தது. மிதந்து வந்ததை வீட்டுக்காரர் அள்ளிக் குப்பையில் போட்டார்.

நாலே நாளில் தண்ணீர் கலங்கி நாறியது. மீனுக்கு மூச்சு முட்டியது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று இளைத்தபடி நண்டைப் பார்த்தது. "போறப்போ எதையோ கலந்துட்டுப் போயிருக்கு!"